முன் பிரேக்க தொடவே கூடாதுன்னு அப்பா சொன்னது சரியா?

தம்பி கேட்டத ஒருதடவை என் வார்த்தைல சொல்லிடறேன். வண்டி 125 சிசி, வாங்கி 4 வருஷம், முன்னாடி பின்னாடி ரெண்டும் டிரம் பிரேக். தஞ்சாவூர் கும்பகோணம் ரோட்ல பாபநாசம் தாண்டி லேசான தூறல்ல 50ல வந்துருக்கீங்க, நாய் குறுக்க வந்துருக்கு, பிரேக்க அமுக்கினதும் பின் சக்கரம் அப்படியே வழுக்கிட்டு போய் விழுந்துட்டீங்க. மெக்கானிக் டயர மாத்துன்னு சொல்றாரு, அப்பா முன் பிரேக்க தொட்டிருந்தா இதவிட மோசமா ஆயிருக்கும்னு சொல்றாரு, நீங்க யார் சொல்றது சரின்னு கேக்கறீங்க. ஆனா நீங்க உண்மைல கேக்கறது அது இல்லன்னு நினைக்கறேன். தப்பு என் கால்லயா வண்டிலயா, அடுத்த நாய் வர்றப்ப நான் என்ன பண்ணணும், இதுதானே கேள்வி?

நான் திருச்சில 23 வருஷமா ஒர்க் ஷாப்ல இருக்கேன், விழுந்த வண்டிய நிமித்தறதுதான் பாதி வேலை. வண்டிய நேர்ல பாக்காம இதனாலதான் விழுந்தீங்கன்னு சொல்ல முடியாது, அப்படி சொல்றவன நம்பவும் வேணாம். ஆனா நீங்க எழுதினதுல ரெண்டு விஷயம் பளிச்சுனு தெரியுது. ஒண்ணு, நீங்க கால் பிரேக்க மட்டும்தான் பிடிச்சிருக்கீங்க. இன்னொண்ணு, கடைசில போற போக்குல "முந்தின நாள்தான் வாட்டர் சர்வீஸ் விட்டேன், வண்டி நல்லாதான் இருந்துச்சு"ன்னு ஒரு வரி எழுதிருக்கீங்க பாருங்க, எனக்கு அங்கதான் கண்ணு நின்னுச்சு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

மொதல்ல பிரேக். பஸ்ல நின்னுட்டு போறப்ப டிரைவர் பிரேக் போட்டா எல்லாரும் முன்னாடி சாயறோம்ல, பைக்லயும் அதேதான், உங்க எடையும் வண்டி எடையும் சேந்து முன் சக்கரத்து மேல வந்து உக்காருது, பின் சக்கரம் லேசாயிடுது. எடை எங்க இருக்கோ அந்த டயர்தான் ரோட்ட பிடிக்கும். அதனால நிறுத்தற வேலைல பெரும்பங்கு, ஏறக்குறைய 70 சதவீதம்னு வச்சுக்கலாம், முன் பிரேக்கோடது. பின் பிரேக்க மட்டும் நம்பி ஓங்கி மிதிச்சா என்ன ஆகும், ஏற்கனவே லேசான சக்கரம் சுத்தறத நிறுத்திடும், நின்ன சக்கரம் வழுக்கும், வழுக்கற சக்கரம் பக்கவாட்டுல எந்தப் பக்கம் வேணா போகும். உங்களுக்கு நடந்தது இதுதான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. சந்தேகம் எல்லாம் அவ்வளவு சுலபமா ஏன் லாக் ஆச்சுங்கறதுலதான்.

கணக்கா வேணும்னா சொல்றேன். 50 கிலோமீட்டர் ஸ்பீடுன்னா செகண்டுக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர். நாய பாத்து மூளைக்கு உறைச்சு கை கால் வேலை செய்ய ஒரு செகண்ட் ஆகும், அதுலயே 14 மீட்டர் போச்சு. காஞ்ச ரோட்ல ரெண்டு பிரேக்கும் ஒழுங்கா பிடிச்சா அதுக்கப்புறம் ஒரு 16 மீட்டர்ல நின்னுடலாம், பின் பிரேக் மட்டும்னா 32 மீட்டர் ஆகும். ஈர ரோட்ல ரெண்டுமே இன்னும் நீளும். இதுல யாரும் யோசிக்காத விஷயம், ரெண்டு பிரேக்கும் பிடிச்சவன் நின்ன அதே இடத்துல, பின் பிரேக் மட்டும் பிடிச்சவன் இன்னும் 35 கிலோமீட்டர் ஸ்பீடுல போயிட்டு இருப்பான். முன்னாடி நாய்க்கு பதிலா லாரி நின்னுட்டு இருந்தா? அதான்.

அப்ப அப்பா சொன்னது தப்பான்னா, முழுசா தப்புன்னு சொல்லமாட்டேன். அவங்க வயசு ஆளுங்க ஓட்டின வண்டில முன்னாடி சின்ன டிரம், லிவர முழுசா இழுத்தாலும் வண்டி யோசிச்சுதான் நிக்கும், அதனால கால் பிரேக்தான் பிரேக்குன்னு பழகிட்டாங்க. ரோடும் பாதி செம்மண்ணு, ஜல்லி. மண்ணுல, ஜல்லில, ஹேண்டில் திருப்பி இருக்கறப்ப, யு டர்ன் போடறப்ப முன் பிரேக்க வெடுக்குனு பிடிச்சா வண்டி பொத்துனு சாஞ்சிடும், இது இன்னைக்கும் உண்மை. அப்படி ஒருதடவை விழுந்தவன் வாழ்நாள் பூரா முன் பிரேக்க தொடமாட்டான், பிள்ளைக்கும் அதையே சொல்லிக் குடுப்பான். அதனால அப்பா சொல்றத இப்படி திருத்திக்கங்க: ஹேண்டில் திரும்பி இருக்கறப்பவும் மண்ணுலயும் முன் பிரேக்க தொடாதீங்க, தார் ரோட்ல வண்டி நேரா நிமிந்து போறப்ப அத பிடிக்காம இருக்காதீங்க.

எப்படி பிடிக்கறதுங்கறதுதான் முக்கியம். எலுமிச்சம்பழத்த பிழியற மாதிரி, மொதல்ல லேசா, எடை முன்னாடி வர வர இறுக்கி. வெடுக்குனு இழுத்தீங்கன்னா எடை முன்னாடி வர்றதுக்குள்ள சக்கரம் நின்னுடும். மழைல இன்னும் மெதுவா ஆரம்பிக்கணும், ஆனா ஆரம்பிக்கணும். முன் சக்கரம் வழுக்கற மாதிரி தெரிஞ்சா உடனே லிவர விட்டு திரும்ப பிழியுங்க. பின் சக்கரம் லாக் ஆயி வண்டி நேரா இருந்தா கால கொஞ்சம் தளத்துங்க, ஆனா வண்டி ஏற்கனவே குறுக்க திரும்பிடுச்சுன்னா படக்குனு கால எடுக்காதீங்க, டயர் திடீர்னு பிடிச்சு உங்கள தூக்கி அந்தப்பக்கம் வீசிடும், வழுக்கி விழறத விட அது மோசம். அப்புறம் பிரேக்க பிடிச்சுகிட்டே ஹேண்டில ஒடிக்காதீங்க. டயருக்கு இருக்கற பிடி ஒண்ணுதான், அத நிறுத்தறதுக்கும் திருப்பறதுக்கும் ஒரே நேரத்துல கேட்டா ரெண்டுக்கும் பத்தாது.

கிளட்ச் எப்ப பிடிக்கணும்னு ஒரு பெரிய சண்டையே ஓடிட்டு இருக்கு. கடைசி வரைக்கும் பிடிக்காதே, இன்ஜினும் சேந்து இழுக்கும்னு ஒரு கட்சி. பிரேக்கோட சேத்தே பிடின்னு இன்னொரு கட்சி. சாதாரணமா ஸ்பீட கொறைக்கறப்ப மொத கட்சிதான் சரி, நம்மாளுங்க பாதிப்பேரு பிரேக்க தொடறதுக்கு முன்னாடியே கிளட்ச பிடிச்சு வண்டிய உருட்டி விட்டுடறாங்க. ஆனா உயிர் போற அவசரத்துல இடது கை தானா கிளட்ச பிடிச்சா பிடிக்கட்டும், அதப்பத்தி கவலைப்படாதீங்க, வலது கை என்ன பண்ணுதுன்னு மட்டும் பாருங்க. இது என் அபிப்ராயம்தான், வேற மாதிரி சொல்றவங்களும் அனுபவஸ்தங்கதான்.

இதெல்லாம் படிச்சா வராது. நாம லைசென்ஸுக்கு எட்டு போடறோம், கால ஊனாம 10 கிலோமீட்டர் ஸ்பீடுல வளைஞ்சு வந்தா போதும், 50ல வந்து நிறுத்திக் காட்டுன்னு யாரு கேக்கறா? ஞாயித்துக்கிழமை காலைல ஒரு காலி இடம் பாருங்க, தார் இல்ல சிமெண்ட் தரையா இருக்கணும், மண்ணு வேணாம். ஒரு கோடு கிழிச்சு 20ல வந்து கோட்ட தொட்டதும் ரெண்டு பிரேக்கும் பிடிங்க, எங்க நின்னீங்கன்னு செங்கல் வைங்க. கை பழகினதும் 30, அப்புறம் 40. ஒரு மணி நேரத்துல அந்த செங்கல் எவ்வளவு கிட்ட வருதுன்னு நீங்களே பாப்பீங்க. ஹெல்மெட், ஷூ, முழங்கை மூடற சட்டையோட போங்க. ஆனா அதுக்கு முன்னாடி வண்டிய பாக்கணும், விழுந்த வண்டில பிராக்டீஸ் பண்ணாதீங்க.

உங்க வண்டில சிபிஎஸ் இருக்கணும். 2019 ஏப்ரல் 1லேர்ந்து புதுசா விக்கற வண்டி எல்லாத்துலயும் 125 சிசிக்கு மேல இருந்தா ஏபிஎஸ், 125 வரைக்கும் சிபிஎஸ்ஸாவது இருக்கணும்னு சட்டம் வந்துச்சு, உங்களுது அதுக்கப்புறம் வாங்கினது. சிபிஎஸ்னா கால் பிரேக்க மிதிக்கறப்ப ஒரு கேபிள் முன் பிரேக்கயும் கொஞ்சம் இழுக்கும். சக்கரம் லாக் ஆகாம அது தடுக்காது, அது ஏபிஎஸ் பண்ற வேலை, நிறைய பேர் ரெண்டயும் ஒண்ணுன்னு நினைச்சிட்டு இருக்காங்க. ஆனா சிபிஎஸ் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா நீங்க கால மட்டும் மிதிச்சாலும் முன்னாடி கொஞ்சமாவது பிடிச்சிருக்கும். இங்கதான் எனக்கு சந்தேகம். பின்னாடி பிரேக் ஷூ, அதாவது டிரம் உள்ள உரசி சக்கரத்த நிறுத்தற கட்டை, தேய தேய எங்காளுங்க பின் ராடு நட்ட மட்டும் ரெண்டு சுத்து இறுக்கி குடுத்துடுவாங்க, முன்னாடி போற அந்த கேபிள யாரும் திரும்பிப் பாக்கறதில்ல, அது தொளதொளன்னு கிடக்கும். சோதிக்கறது ஈஸி. சென்டர் ஸ்டாண்டு போட்டு ஒருத்தர பின்னாடி கேரியர அமுக்க சொல்லுங்க, முன் சக்கரம் தரைய விட்டு தூக்கும். கையால சுத்தி விட்டுட்டு கால் பிரேக்க நல்லா மிதிங்க. முன் சக்கரம் நிக்கணும். சுத்திகிட்டே இருந்தா உங்க வண்டில சிபிஎஸ் ஸ்டிக்கர்ல மட்டும்தான் இருக்கு. ரெண்டயும் சேத்து செட் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க.

முன் சக்கரம் அப்படி தூக்கி இருக்கறப்பவே, முன்னாடி உக்காந்து ஃபோர்க்கோட, அதான் முன் சக்கரத்த பிடிச்சிருக்கற ரெண்டு குழாயோட, அடிப்பகுதிய ரெண்டு கையாலயும் பிடிச்சு முன்னாடி பின்னாடி ஆட்டிப் பாருங்க. டொக் டொக்னு ஆடினா கோன் செட், அதாவது ஹேண்டில் கழுத்துல இருக்கற பேரிங், லூஸு. ஹேண்டில மெதுவா இடமும் வலமும் திருப்புங்க, நடுவுல வர்றப்ப பள்ளத்துல விழற மாதிரி நின்னு போச்சுன்னா கோன் செட் போயிடுச்சு, மாத்தணும். விழுந்ததுல ஃபோர்க் முறுக்கியும் இருக்கலாம், வண்டி நேரா போறப்ப ஹேண்டில் ஒரு பக்கமா இருக்கற மாதிரி தெரிஞ்சா அதுதான். வளைஞ்ச ஃபுட்ரெஸ்ட் பிரேக் பெடல முழுசா எறங்க விடாம தடுக்கும், அதையும் பாருங்க. ஷூ எவ்வளவு இருக்குன்னு தெரிய டிரம்ம கழட்ட வேணாம், பிரேக்க முழுசா பிடிக்கறப்ப டிரம் தட்டுல இருக்கற அம்புக்குறி பக்கத்துல இருக்கற கோட்ட தொட்டுடுச்சுன்னா ஷூ முடிஞ்சுதுன்னு அர்த்தம். கழட்டினா உள்ள இருக்கற தூள வாயால ஊதாதீங்க, காத்தடிச்சும் விரட்டாதீங்க, அது நுரையீரலுக்கு ஆகாது, ஈரத்துணியால தொடைச்சு எடுங்க. டிஸ்க் வச்சிருக்கறவங்க இத படிச்சா ஒரு வரி: பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்துங்க, நல்லாதானே பிடிக்குதுன்னு 6 வருஷம் ஓட்டாதீங்க.

இப்ப வாட்டர் சர்வீஸ். 2003ல நான் வேலை கத்துகிட்ட கடைல தண்ணி அடிச்சு முடிச்சதும் டீசலோட பழைய இன்ஜின் ஆயில கலந்து கன்ல போட்டு வண்டி அடில, இன்ஜின்ல, செயின் பக்கம் எல்லாம் பொகை மாதிரி அடிப்போம். துரு பிடிக்காதாம், வண்டி பளபளன்னு இருக்கும், கஸ்டமருக்கு சந்தோஷம். எனக்கு 19 வயசு. ஒருத்தருக்கு வண்டிய ஆசையா அடிச்சுக் குடுத்தேன், எங்க தெருமுனைல திரும்பறப்பவே விழுந்துட்டாரு. ஓடிப்போய் வண்டிய தூக்கறப்ப பின் டயர்ல கைய வச்சேன், உள்ளங்கை கறுப்பா வழவழன்னு எண்ணெய் சட்டில கைய விட்ட மாதிரி வந்துச்சு. அவர் முழங்கை தோலு போனதுக்கு ரோட்டுல மணலுன்னு எங்க முதலாளி சொல்லி அனுப்பிட்டாரு. மணல் இல்ல, நான்தான். அன்னைலேர்ந்து எந்த வண்டி கழுவினாலும் ரெண்டு டயரயும் பிரேக் பக்கத்தயும் சோப்புத் தண்ணி போட்டு தேச்சுட்டுதான் சாவிய குடுப்பேன்.

உங்களுக்கும் அதுதான் நடந்துச்சுன்னு அடிச்சு சொல்லமாட்டேன், மழையும் பேஞ்சிருக்கு, நீங்க கொஞ்ச தூரமும் ஓடிருக்கீங்க. ஆனா எண்ணெய் பட்ட டயர் தூறல்ல பிடிக்காது. இன்னொரு வழியும் இருக்கு, கழுவின வண்டிய காய விடாம நைட் நிறுத்தினா டிரம் உள்ள லேசா துரு படியும், மறுநாள் மொத சில பிரேக்குக்கு அது கபக்குனு பிடிக்கும், லேசா மிதிச்சதே ஓங்கி மிதிச்ச மாதிரி ஆயிடும். அதனால கழுவிட்டு வர்றப்பவும் மழைல போறப்பவும் காலியான இடத்துல ரெண்டு பிரேக்கயும் லேசா தேச்சுகிட்டே கொஞ்ச தூரம் ஓட்டுங்க. தூறல்னு லேசா நினைக்காதீங்க, பல நாள் காஞ்சு கிடந்த ரோட்ல மொத பத்து இருவது நிமிஷ தூறல்தான் கொட்டற மழைய விட வழுக்கும், லாரி சிந்தின ஆயிலும் தூசியும் கலந்து குழம்பு மாதிரி மேல மிதக்கும், பெருமழை அத அடிச்சுட்டு போயிடும். வெள்ளக்கோடு, சாக்கடை மூடி, ரயில்வே கேட் தண்டவாளம் இது மூணு மேலயும் பிரேக் போடாதீங்க, தண்டவாளத்த முடிஞ்சவரை நேர்குத்தா தாண்டுங்க.

டயர் பத்தி மெக்கானிக் சொன்னது தப்பா இருக்கணும்னு அவசியமில்ல. டயர் ஓரத்துல சின்ன முக்கோணமோ டிடபிள்யூஐன்னு எழுத்தோ இருக்கும், அதுக்கு நேரா காடிக்குள்ள ஒரு சின்ன மேடு இருக்கும், 0.8 மில்லிமீட்டர் உயரம். ரப்பர் தேஞ்சு அந்த மேட்டோட சமமாயிடுச்சுன்னா டயர் முடிஞ்சுது. பின் டயர நடுவுல பாருங்க, நேர் ரோட்லயே ஓடற வண்டிக்கு ஓரம் புதுசு மாதிரி இருக்கும், நடு மொட்டையா இருக்கும். பக்கவாட்டுல நாலு நம்பர் ஒரு வட்டத்துக்குள்ள இருக்கும், 3221ன்னு இருந்தா 2021ல 32வது வாரம் செஞ்சது. எத்தன வருஷத்துல மாத்தணும்ங்கறதுல கம்பெனிக்கு கம்பெனி பேச்சு மாறும், நான் வருஷத்த விட ரப்பர பாப்பேன், பக்கவாட்டுல வெடிப்பு ஓடிருந்தாலோ நகத்த வச்சு அமுக்கினா கட்டை மாதிரி இருந்தாலோ மாத்திடுவேன். புது டயர் போட்டா மொத 150 கிலோமீட்டர் பாத்து ஓட்டுங்க, மேல் பூச்சு வழுக்கும். எந்த கம்பெனி டயர்னு கேக்காதீங்க, அது பிரியாணி கடை சண்டை மாதிரி, முடியாது.

காத்து விஷயத்துல ஒரு மூடநம்பிக்கை இருக்கு, மழைக்காலத்துல கொஞ்சம் காத்த கொறைச்சா கிரிப் கூடும்னு. தார் ரோட்ல அது தப்பு. காத்து கொறைஞ்ச டயர் அழுந்தி காடியெல்லாம் ஒட்டிக்கும், தண்ணிய வெளிய தள்ளாது, வளைவுல வண்டி நெளியும். உங்கள மாதிரி வண்டிக்கு பெரும்பாலும் முன்னாடி 25, பின்னாடி தனியா போறப்ப 28, 29, ரெண்டு பேர்னா 32க்கு மேல, சரியான நம்பர் வண்டி ஸ்டிக்கர்லயும் புக்லயும் இருக்கும், அதுதான் கணக்கு. பஞ்சர் கடைல கட்டைவிரலால அமுக்கிப் பாத்துட்டு போதும்பாங்க, அத நம்பாதீங்க, சின்ன கேஜ் ஒண்ணு வாங்கி வச்சு வாரம் ஒருதடவை காலைல டயர் சூடாகறதுக்கு முன்னாடி பாருங்க. நைட்ரஜன் வேணுமான்னு அடுத்து கேப்பீங்க, சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், காச மிச்சம் பண்ணி கேஜ் வாங்குங்க.

வீட்லயே என்ன பாத்துக்கலாம்னும் கேட்டிருந்தீங்க. மேல சொன்னதுதான் பெரும்பாலும், அதோட செயின். மூடின செயின் கவர்னா ஒரு ரப்பர் மூடி இருக்கும், அத எடுத்து விரலால மேலயும் கீழயும் ஆட்டிப் பாத்தா மொத்தம் 25, 30 மில்லிமீட்டர் ஆடணும், தொங்கவும் கூடாது, கம்பி மாதிரி இறுகவும் கூடாது. 500 கிலோமீட்டருக்கு ஒருதடவை, மழைல நனைஞ்சா அன்னைக்கே, கொஞ்சமா எண்ணெய், மிச்சத்த தொடைச்சிடணும். ஒண்ணே ஒண்ணு, சக்கரத்த கையால சுத்துங்க. கவர் இல்லாத வண்டிய சென்டர் ஸ்டாண்டுல போட்டு, ஸ்டார்ட் பண்ணி கியர் போட்டு விட்டு துணிய செயின்ல பிடிக்கறத வீடியோல பாத்திருப்பீங்க. துணி உள்ள போச்சுன்னா விரலும் கூடவே போகும், ஸ்ப்ராக்கெட் பல்லு நிக்காது. எங்க லைன்ல ரெண்டு பேருக்கு வலது கைல விரல் பாதிதான் இருக்கு. வேலை தெரியாதவங்க இல்ல, ரெண்டு பேரும் நல்ல மெக்கானிக்குங்க.

ஹெல்மெட் பத்தி நீங்க எழுதல. விழுந்தப்ப அது ரோட்ல இடிச்சிருந்தா வெளிய கீறல் மட்டும் தெரிஞ்சாலும் மாத்திடுங்க, உள்ள இருக்கற தெர்மாகோல் ஒருதடவை அமுங்கினா திரும்ப எழும்பாது, அடுத்த அடிய அது வாங்காது. ஐஎஸ்ஐ முத்திரை பாத்து வாங்குங்க, பக்கிள மாட்டுங்க.

டயர் மாத்த காசு குடுக்கறதுக்கு முன்னாடி மூணு வேலை பண்ணுங்க. பின் டயர ஒரு வெள்ளத்துணியால அழுத்தித் தொடைச்சு பாருங்க, நடுவுல எந்த அளவுக்கு தேஞ்சிருக்குன்னு பாருங்க, முன் சக்கரத்த தூக்கி கால் பிரேக்க மிதிச்சு பாருங்க. துணில என்ன வந்துச்சு, அந்த நாலு நம்பர் என்ன, முன் சக்கரம் நின்னுச்சா இல்லையா, இத எழுதுங்க. டயர மாத்தணுமா, கேபிள இறுக்கினா போதுமான்னு அப்ப சொல்றேன்.